கிரேக்கச் சாடிகளில் பெண்கள் சில இடத்தில் வெள்ளை, சில இடத்தில் கருப்பு: ஏன்?

கேள்வி, 2 நவம்பர் 2023

கிரேக்கர்கள் என்றாலே நிர்வாணம்தான், பெண் உடலை வெட்கப்படாமல் கொண்டாடியவர்கள் அவர்கள் என்று ஒரு உரையில் கேட்டேன். சிலைகளைப் படங்களில் பார்த்திருக்கிறேன். ஓவியத்திலும் அப்படித்தானா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு

இல்லை. கிட்டத்தட்ட தலைகீழ். உடுப்பில்லாமல் நின்றவன் ஆண். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கல் இளைஞர்களுக்கு ஒட்டுத்துணி கிடையாது, அதே காலத்துக் கல் பெண்கள் கழுத்திலிருந்து கால்வரை மடிப்பு மடிப்பாக உடுத்தியிருப்பார்கள். நீங்கள் படத்தில் பார்த்த நிர்வாண அப்ரோடைட்டி (காதல் தேவதை) எல்லாம் பிராக்சிட்டலீஸ் கினிடோஸ் ஊருக்குச் செய்த சிலைக்குப் பிறகு வந்த வரிசை. அது கி.மு. 350 வாக்கில்.

ஓவியம் என்று கேட்டீர்கள். சுவரோவியமும் மரப்பலகை ஓவியமும் அநேகமாக எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது பானை. ஆகவே கிரேக்க ஓவியத்தில் பெண் என்று நாம் பேசுவது பெரும்பாலும் குயவர் தெருவில் வரையப்பட்ட பெண்ணைப் பற்றித்தான். ஏதென்ஸில் அந்தத் தெருவுக்குப் பெயரே கெராமெய்க்கோஸ்.

பழைய முறையில், கருப்பு உருவப் பாணி என்பார்கள், ஆணின் தோல் கருப்பு, பெண்ணின் தோல் வெள்ளை. வீட்டுக்குள் இருப்பவள் வெயில் படாதவள் என்பது கணக்கு. எகிப்திலும் கிரீட் தீவின் சுவர்களிலும் இதற்கு முன்பே இந்த வழக்கம் உண்டு: ஆண் செம்பழுப்பு, பெண் வெளிர்.

3 நவம்பர், இன்னும் தூங்கவில்லை

ஒன்றை விட்டுவிட்டேன். கண். கருப்பு உருவப் பாணியில் ஆணுக்கு வட்டக் கண், பெண்ணுக்குப் பாதாம் கொட்டை மாதிரிக் கண். தோல் நிறம் அழிந்துபோன சாடியில் யார் ஆண் யார் பெண் என்று குழப்பம் வந்தால் நான் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். அப்புறம் தாடி.

5 நவம்பர்

லண்டனில் இருப்பதால் ஒரு வசதி, பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகக் காசு கிடையாது. மழை வந்தால் நான் ஒதுங்குகிற இடம் அது. எக்சேக்கியாஸ் கையெழுத்துப் போட்ட ஆம்போரா (இரண்டு கைப்பிடிச் சாடி) ஒன்று அங்கே இருக்கிறது, கி.மு. 540க்கும் 530க்கும் இடைப்பட்டது. கிரேக்க வீரன் அக்கிலீஸ், பெண் போர்வீரர்களான அமேசான்களின் அரசி பென்தெசிலேயாவை ஈட்டியால் குத்துகிறான். அந்த நொடியில் இருவர் கண்ணும் சந்திக்கின்றன, அவன் காதலில் விழுகிறான், குத்து நின்றபாடில்லை.

அவன் முகம் முழுக்கத் தலைக்கவசத்துக்குள். கண் மட்டும்தான். அவளுக்குக் கவசம் தலைக்குமேல் ஏறிவிட்டது, முகம் திறந்து கிடக்கிறது, வெள்ளை. கழுத்தில் சிவப்பு மையில் ரத்தம். வீட்டுக்குள் இருப்பவள், வெயில் படாதவள் என்று முந்தாநாள் எழுதினேனே, இவள் போர்க்களத்தில் சிறுத்தைத் தோல் போர்த்திச் சண்டை போடுகிறவள். அவளுக்கும் வெள்ளைதான். ஆக, வெள்ளை என்பது வெயில் சமாச்சாரமே இல்லை, 'இவள் பெண்' என்று ஒட்டிய சீட்டு. அட்லாண்டா பெலியஸுடன் மல்லுக்கட்டுகிற சாடி ஒன்று மியூனிக்கில் உண்டு, அங்கும் மல்லுக்கட்டுகிற பெண் வெள்ளை.

என் முதல் விளக்கத்தைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

6 நவம்பர்

ஏன் சில இடத்தில் வெள்ளை உதிர்ந்து கருப்பாக இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தலைப்பையே அதற்கேற்ப மாற்றிவிட்டேன்.

சூளைக் கணக்கு இது. ஏதென்ஸ் மண்ணில் இரும்பு அதிகம். அதே மண்ணை நன்றாகத் தெளியவைத்து எடுத்த மெல்லிய குழம்பால்தான் படம் வரைவார்கள். முதலில் காற்று விட்டுச் சுடுவார்கள், எல்லாம் சிவக்கும். அப்புறம் காற்றை அடைத்து, பச்சை விறகு போட்டுப் புகையவிடுவார்கள், எல்லாம் கருக்கும். கடைசியில் மறுபடி காற்று. பானை மண் காற்றை உள்ளிழுத்துத் திரும்பச் சிவந்துவிடும். குழம்பு பூசிய இடம் அதற்குள் கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருக்கும், காற்று புகாது, கருப்பாகவே நிற்கும். ஒரே மண், ஒரே அடுப்பு, இரண்டு நிறம்.

வெள்ளைக்கு இந்த வித்தை கிடையாது. அது வேறு மண், இரும்பில்லாதது. அந்தச் சூட்டில் உருகி இறுகாது. அநேகமாகக் கருப்புக்கு மேலே இன்னொரு அடுக்காகப் பூசுவார்கள். ஆக, பெண்ணையும் முதலில் ஆண் மாதிரி கருப்பாகத்தான் வரைகிறான் ஓவியன், அதற்குமேல் வெள்ளை பூசிப் பெண்ணாக்குகிறான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்தில் முதலில் உதிர்வது அந்த வெள்ளை.

மாலை வகுப்பில் மண்வேலை கற்கிறேன், இது என் கைவலி பேசுகிறது.

6 நவம்பர், பின்குறிப்பு

சிவப்பு உருவப் பாணி (பின்னணி கருப்பு, உருவம் மண் நிறம்) வந்ததும், அதாவது கி.மு. 530 - 520 வாக்கில், வெள்ளை போய்விட்டது என்று தனிமடலில் ஒருவருக்கு எழுதினேன். அவசரம். அந்தப் பாணியைத் தொடங்கியவர் என்று கருதப்படுகிற ஆண்டோக்கிடீஸ் ஓவியரே வெள்ளையை உடனே விட்டுவிடவில்லை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ஒரு ஆம்போராவில் ஒரு பக்கம் அமேசான்கள், மறுபக்கம் நீந்தவும் குளிக்கவும் செய்கிற பெண்கள், எல்லோரும் கருப்புப் பின்னணியில் வெள்ளையாக. இதற்குச் சற்று முன்பே அமாசிஸ் ஓவியர் ஒரு சாடியில் மது தெய்வம் டயோனிசஸுக்கு எதிரே கைகோத்து வரும் இரண்டு பெண்களுக்கு வெள்ளையே பூசாமல், வெறும் கோடிட்டு மண்ணின் நிறத்தையே தோலாக விட்டுவிட்டார். பாரிஸில் இருக்கிறது. எனக்கு அந்த இரண்டு பேரை ரொம்பப் பிடிக்கும். உதிர அவர்களிடம் ஒன்றுமில்லை.

9 நவம்பர்

சரி, நிர்வாணத்துக்கு வருவோம். அதைத்தானே கேட்டீர்கள்.

சிவப்பு உருவப் பாணியில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே மண் நிறம். சீட்டு கிழிந்துவிட்டது. இனி உடலை வரைந்துதான் பெண் என்று காட்டவேண்டும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண் உடலின் ஒவ்வொரு தசையும் அத்துப்படி, வயிற்று மடிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். பெண் என்றதும் அதே தோள், அதே வயிறு, அதே தொடை. அதன்மேல் இரண்டு மார்பு, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, கடைசி நிமிஷத்தில் ஒட்டவைத்த மாதிரி.

யூப்ரோனியோஸ் கி.மு. 505 வாக்கில் வரைந்த மதுக் குளிர்விப்பான் ஒன்று ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உண்டு. நான்கு பெண்கள், ஆடையில்லை, மெத்தையில் சாய்ந்து குடிக்கிறார்கள். பெயர் எழுதியிருக்கிறது: ஸ்மிக்ரா, பலாய்ஸ்டோ, செக்லினே, அகாபா. ஸ்மிக்ரா கிண்ணத்தின் அடிமண்டியைச் சுழற்றி வீசி, 'லெயாக்ரோஸ், இது உனக்கு' என்கிறாள். விருந்தில் ஆண்கள் ஆடுகிற ஆட்டம் அது. சாய்ந்திருக்கும் விதமும் ஆண்களுடையது, தோளும் ஆண்களுடையது.

இந்தப் பெண்களை ஹெட்டைரா என்பார்கள். தமிழில் பரத்தை என்று எழுதிவிடலாம், கணிகை என்றும் சொல்லலாம், இரண்டும் முழுதாக ஒட்டவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.

தோள் ஏன் ஆணுடையது என்றால், ஆண் உடலைத் தினமும் உடற்பயிற்சிக் கூடத்தில் பார்க்கலாம், குடிமகன் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வழியில்லை. இதற்கு ஒரு கதை உண்டு. சியூக்சிஸ் என்ற ஓவியர் கோயில் ஒன்றுக்கு ஹெலனை வரைய வந்து, அழகான பெண்களைக் காட்டுங்கள் என்று கேட்டாராம். ஊர்க்காரர்கள் அவரை மல்யுத்தக் கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பையன்களைக் காட்டி, 'இவர்களுடைய சகோதரிகள் வீட்டில் இருக்கிறார்கள், இவர்களைப் பார்த்து ஊகித்துக்கொள்ளுங்கள்' என்றார்களாம். ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

10 நவம்பர்

திருத்தம். பையன்கள் கதை பிளினியுடையது இல்லை, இன்னொரு ரோமரான சிசரோவுடையது. ஊர் குரோட்டன் என்கிறார் சிசரோ. பிளினி சொல்வது அக்ரகாஸ், அவர் கதையில் பையன்கள் கிடையாது, நேராகப் பெண்களைப் பார்க்கிறார். ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருத்தியிடமும் சிறந்ததை எடுத்து ஒரு ஹெலனைக் கட்டினார் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். முழுதாக ஒருத்தி போதவில்லை.

இதற்கு வால் ஒன்று உண்டு. ஹெலனைப் பார்க்க சியூக்சிஸ் கட்டணம் வாங்கினார், அதனால் அந்த ஓவியத்துக்கே 'ஹெட்டைரா' என்று பெயர் விழுந்தது என்கிறார் ஏலியன் என்ற பழைய எழுத்தாளர். டிக்கெட் போட்டவருக்கு ஒரு பெயரும் விழவில்லை.

14 நவம்பர்

நான்கு நாளாக 9ஆம் தேதிக் குறிப்பு உறுத்துகிறது. பார்க்க வழியில்லை என்று எழுதினேன். யூப்ரோனியோஸ் வாழ்ந்த ஏதென்ஸில் விருந்துக்கு விருந்து ஹெட்டைராக்கள், குழலூதும் பெண்கள். பார்க்காமல் என்ன. பார்த்தும் ஆண் உடலைத்தான் வரைந்தார்கள், கைக்குப் பழகிய உருவம் அது ஒன்றுதான். எங்கள் வகுப்பில் நான் குவளை செய்தாலும் கிண்ணம் செய்தாலும் ஒரே வளைவு வந்து நிற்கிறது. எதிரே மாதிரி இருந்தும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. சாடியில் நிர்வாணப் பெண் என்றால் ஹெட்டைரா என்று நினைத்துக்கொண்டால் கஸாண்ட்ராவை என்ன செய்வது?

நேப்பிள்ஸில் ஒரு ஹைட்ரியா (தண்ணீர்க் குடம்), கி.மு. 480 வாக்கில் கிளியோபிராடிஸ் ஓவியர் வரைந்தது. டிராய் நகரம் கிரேக்கர்களிடம் விழுந்த இரவு. டிராய் அரசர் பிரயாம் கிழவர் பலிபீடத்தில் உட்கார்ந்து தலையில் கைவைத்திருக்கிறார், மடியில் பேரன் பிணம். இந்தப் பக்கம் கஸாண்ட்ரா அதீனா சிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாள், கிரேக்க வீரன் அயாஸ் அவளைப் பிடித்து இழுக்கிறான். அரசன் மகள், பூசாரினி. உடம்பில் பின்னால் தொங்குகிற ஒரு துணி தவிர ஒன்றுமில்லை. ஏதென்ஸ் ஏற்கெனவே பாரசீகர்களால் எரிந்துவிட்டிருந்தது, அல்லது எரியப்போகிற நேரம். வரைந்தவனுக்கு இது பழங்கதையாக இருந்திருக்காது.

இங்கே ஆடையில்லாமை ஆசைக்காக வரையப்பட்டதா, பயத்துக்காகவா? நான் பயம் என்பேன். கோயிலுக்குள்ளும் காப்பாற்ற ஆளில்லை என்பதைச் சொல்ல அவளுடைய துணியை எடுத்திருக்கிறான். ஆணின் நிர்வாணம் வீரம், இவளுடையது கையறுநிலை. ஆனால் விருந்தில் குடித்துக்கொண்டே இந்தச் சாடிகளைப் பார்த்த ஆண்களும் பயத்தைத்தான் பார்த்தார்களா என்று கேட்டால், தெரியாத விருந்தாளிகளுக்காக நான் சாட்சி சொல்ல முடியாது.

இதே இரவைப் பிரைகோஸ் ஓவியர் ஒரு கிண்ணத்தில் வரைந்திருக்கிறார், லூவரில். அதில் டிராய் வீரன் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமக்கே முழு உடையில், தலைக்குமேல் உலக்கையை ஓங்கிக்கொண்டு கிரேக்க வீரனை நோக்கி வருகிறாள். ஆமாம், உலக்கை.

15 நவம்பர்

உலக்கைக்கு இத்தனை பேர் கைதட்டுவீர்கள் என்று தெரிந்திருந்தால் அதிலிருந்தே தொடங்கியிருப்பேன்.

19 நவம்பர்

ஏதென்ஸில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கல்லறையில் வைக்க லெகித்தோஸ் என்று ஒரு எண்ணெய்க் குப்பி செய்வார்கள். உடல் முழுக்க வெள்ளைப் பூச்சு, அதன்மேல் மெல்லிய கோட்டில் படம். கல்லறைக்கு நாடா கட்ட வந்த பெண், கூடையைத் தூக்கி நிற்கும் வேலைக்காரி, இறந்தவன். அவ்வளவு அமைதியான கோடு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

முதல்முறை பார்த்தபோது ஒரு விஷயம் இடித்தது. துக்கத்துக்கு வந்த பெண் ஏன் ஆடையில்லாமல் நிற்கிறாள்? குழப்பத்தோடு வீட்டுக்கு வந்தேன். பிறகுதான் புரிந்தது. ஓவியன் முதலில் உடலைக் கோட்டில் வரைவான், அதற்குமேல் ஆடையைச் சிவப்போ நீலமோ பச்சையோ பூசி மூடுவான். சில நிறங்களைச் சூளைக்குப் பிறகுதான் பூசினார்கள், கல்லறைக்குத்தானே, புழக்கத்துக்கு இல்லையே. அந்த நிறம் போய்விட்டது. உடல் கோடு நின்றுவிட்டது. அவளை யாரும் நிர்வாணமாக வரையவில்லை, துணி கரைந்துவிட்டது.

கருப்புப் பானையில் பெண்ணின் தோல் உதிர்ந்தது. வெள்ளைக் குப்பியில் பெண்ணின் சேலை உதிர்ந்தது. (சேலை இல்லை, தெரியும். வாயில் அதுதான் வருகிறது.)

20 நவம்பர்

போன கோடையில் அம்மா வந்திருந்தாள். தண்ணீர் எடுக்கும் பெண்கள் வரைந்த ஹைட்ரியா முன்னால் நிறுத்தினேன், கி.மு. 520 - 500. ஹைட்ரியா என்பதே தண்ணீர்க் குடம்தான், தூக்க இரண்டு பக்கம் பிடி, ஊற்றப் பின்னால் ஒரு பிடி. குடத்தின்மேல் குடம் சுமக்கும் பெண்கள். நிறைகுடம் தலையில் நிமிர்ந்து நிற்கும், வெறுங்குடம் படுத்திருக்கும். இவர்கள் நல்ல குடும்பத்துப் பெண்களா, அடிமைகளா, வேறு யாராவதா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள் என்று விளக்கினேன்.

அம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சும்மாடு இருக்கிறதா என்று தேடினாள். பிறகு, "தண்ணி பிடிக்கிற இடத்துல யாருடி குடும்பம் கோத்திரம் பாத்தா" என்றாள். எங்கள் தெருக் குழாயடியில் ரொம்பவே பார்த்தார்கள், அதை நான் நினைவூட்டவில்லை.

26 நவம்பர்

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு திருப்பம். மெய்டியாஸ் ஓவியரின் பெரிய ஹைட்ரியா, இதுவும் பிரிட்டிஷ் மியூசியம்தான். லெயுக்கிப்பஸ் என்ற அரசனின் மகள்களை ரதத்தில் கடத்துகிறார்கள். எல்லோரும் உடுத்தியிருக்கிறார்கள். ஆனால் மெல்லிய துணி, நூற்றுக்கணக்கான முடிபோன்ற கோடுகள், தொப்புள்கூடத் தெரிகிறது. பெண்ணின் உடல் கடைசியில் ஆண் உடலின் நகலாக இல்லாமல் தன் வளைவோடு வந்துவிட்டது, வந்தது துணிக்குள். கடத்தல் என்றே தோன்றாது, பூப்பறிக்கிற இடம் மாதிரி நகைகளோடு நிற்கிறார்கள். அழகான சாடி, எனக்கு அதன்மேல் கோபம் உண்டு.

அந்தக் கோபத்துக்கு மருந்து வட கிரேக்கத்தில் வெர்ஜினா என்ற ஊரில் இருக்கிறது. 1977இல் தொல்லியலாளர் மனோலிஸ் ஆண்ட்ரோனிக்கோஸ் தோண்டிய கல்லறைகளில் ஒன்றின் சுவரில் பாதாள தெய்வம் ஹேடிஸ், பெர்செபோனே என்ற இளம் தேவதையைக் கடத்துகிறான், கி.மு. 4ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி. பானை இல்லை, உண்மையான கிரேக்கச் சுவரோவியம், அதனால்தான் அத்தனை பரபரப்பு. அவள் உடல் பின்னால் வளைந்து, கைகள் இரண்டும் வெளியே வீசி, துணி இடுப்புக்குக் கீழே நழுவிக் கிடக்கிறது. அவன் கை அவள் மார்பின்மேல். பின்னால் தோழி தரையில் முழங்காலிட்டு மிரண்டு பார்க்கிறாள். வேறு சுவரில் டெமிட்டர் தனியாகப் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள், பெர்செபோனேயின் அம்மா. ஈரச் சாந்தில் ஓவியன் கீறிப் பார்த்த கோடுகள் இன்னும் தெரிகின்றன. இங்கே யாரும் பூப்பறிக்கவில்லை.

2 டிசம்பர்

பெண் ஓவியர்களே இல்லையா என்ற கேள்விக்கு: பிளினி சிலர் பெயரைத் தருகிறார், திமரேட்டே, ஐரீன், அரிஸ்டரேட்டே. கிஸிக்கஸ் ஊர் இயாயா பெரும்பாலும் பெண்களை வரைந்தவள், கண்ணாடியில் பார்த்துத் தன்னையும் வரைந்துகொண்டாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆண்கள் கட்டிய ஹெலனும் மிஞ்சவில்லை என்பதால் அந்த வகையில் சமம்.

ஒரே ஒரு படம் பாக்கி. ஓவியப் பட்டறையைக் காட்டும் ஹைட்ரியா, கி.மு. 460 வாக்கில். வேலை செய்யும் ஆண்களுக்கு அதீனாவும் வெற்றித் தேவதைகளும் முடி சூட்ட வருகிறார்கள். ஓரத்தில் ஒரு பெண் பெரிய சாடியின் கைப்பிடியில் வேலையாக இருக்கிறாள். அவளிடம் யாரும் வரவில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

3 டிசம்பர்

கிழவிகளை மறந்துவிட்டோம். ஜெர்மனியில் ஷ்வெரின் நகரில் ஒரு மதுக்கோப்பை. இளம் ஹெராக்ளீஸ் பாட்டு வகுப்புக்குப் போகிறான், பின்னால் யாழைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவி, பெயர் கெரோப்ஸோ. கூன், சுருக்கம், உடம்பில் பச்சை குத்தியிருக்கிறாள், திரேஸ் நாட்டு அடிமை என்பதற்கு அடையாளம். வயது ஏறிய பெண் உடலை இவ்வளவு கூர்ந்து பார்த்த வேறு கிரேக்கப் படம் எனக்கு நினைவில்லை. குடிமகனின் மனைவி சாடியில் கிழவியாவதே அபூர்வம், அடிமைக்குத்தான் சுருக்கம் அனுமதி.

ஹெலனுக்கு ஐந்து பெண் கேட்ட அதே சியூக்சிஸ், தான் வரைந்த ஒரு கிழவியின் படத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே செத்தார் என்று கதை. எனக்கு அவர்மேல் பெரிய அனுதாபம் வரவில்லை.

17 டிசம்பர்

கேட்டவர்களுக்காக, என் சாடி நிலவரம். எங்கள் மின்சூளையில் புகை வித்தை நடக்காது, கடையில் வாங்கிய கருப்புக் குழம்பால் சமாளித்தேன். குழாயடியில் அம்மா, தலையில் குடம். முகத்துக்கும் கைக்கும் கருப்பின்மேல் வெள்ளை. காய்ந்தபோது பிரமாதமாக இருந்தது. சூளையிலிருந்து எடுத்து விரலால் தடவினேன், பாதி முகம் விரலோடு வந்துவிட்டது. கையும் போச்சு.

அலமாரியில் வைத்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண்மணி எடுத்துப் பார்த்துவிட்டு, "யார் இந்த ஆள், பாவாடை கட்டிக்கொண்டு குடம் சுமக்கிறார்?" என்று கேட்டாள்.

கண்ணைப் பாருங்கள் என்றேன்.